வலி போயிடுச்சு, மேட்ச் ஆடலாமா? கபடியில் முட்டி திரும்பிய ஒரு தம்பிக்காக

கேட்ட கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தம்பிக்கு வயது 19, கபடியில் ரெய்டர். மூன்று வாரத்துக்கு முன்னால் ஊர்த் திருவிழா மேட்சில் ரெய்டு போய்த் திரும்பும்போது கார்னரில் நின்றவர் கணுக்காலைப் பிடிக்க, முட்டி முறுக்கிக்கொண்டது. உள்ளே 'டப்' என்று சத்தம் கேட்டதாகச் சொல்கிறான். வீடு வந்து சேர்வதற்குள் முட்டி பந்துபோல் வீங்கிவிட்டது. எக்ஸ்ரேயில் எலும்புக்கு ஒன்றுமில்லை. பக்கத்து ஊரில் ஒருவர் உருவிவிட்டுக் கட்டுப் போட்டார். இப்போது வீக்கம் வற்றிவிட்டது, வலி இல்லை, நன்றாக நடக்கிறான். மாடிப்படி இறங்கும்போது மட்டும் இரண்டு தடவை 'முட்டி நழுவியது'. அடுத்த மாதம் 65 கிலோ எடைப் பிரிவு மேட்ச் இருக்கிறது, முட்டியில் மாட்டும் 'நீ கேப்' (knee cap) உறையைப் போட்டுக்கொண்டு ஆடலாம் என்கிறார் கோச். ஆடலாமா, எம்ஆர்ஐ எடுக்க வேண்டுமா, ஆபரேஷன் என்றால் அவன் கபடி அத்தோடு முடிந்ததா, மற்ற பையன்களுக்கு இப்படி ஆகாமல் எப்படிப் பார்த்துக்கொள்வது என்று அண்ணன் கேட்டிருக்கிறார்.

அடுத்த மாத மேட்ச் வேண்டாம். இதை முதலில் சொல்லிவிட்டால் மீதியை நிதானமாகப் பேசலாம்.

நான் பிசியோதெரபிஸ்ட். என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் கபடி, வாலிபால் ஆடுகிற பையன்கள். தொட்டுப் பார்க்காமல் இதுதான் என்று எந்த முட்டியைப் பற்றியும் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் இந்தக் கதையைக் கேட்டால் கை தானாக ஏசிஎல் என்று எழுதிவிடும், அதாவது முட்டிக்கு நடுவில் இரண்டு எலும்பையும் கட்டி வைத்திருக்கிற நார் கிழிந்திருக்கிறது என்று. முறுக்கல், சத்தம், இரண்டு மூன்று மணி நேரத்துக்குள் வீக்கம், அப்புறம் படி இறங்கும்போது நழுவல். நான்கும் ஒன்றாக வந்தால் வேறு எதையும் யோசிப்பதற்கு முன் அதைத்தான் யோசிக்க வேண்டும். வீக்கம் வந்த நேரத்தை எல்லோரும் சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போவார்கள். எனக்கு அதுதான் முக்கியம். மறுநாள் காலையில் மெல்ல வீங்கினால் பெரும்பாலும் மூட்டுநீர். அன்று ராத்திரியே வீங்கினால் உள்ளே ரத்தம் கசிந்திருக்கிறது என்று பொருள். முட்டிக்குள் ரத்தம் கசிகிறது என்றால் உள்ளே ஏதோ கிழிந்திருக்கிறது.

இங்கே ஒரு சொல் குழப்பம் இருக்கிறது. நம் ஊரில் 'ஜவ்வு' என்ற ஒரே சொல்லில் எல்லாவற்றையும் அடக்கிவிடுகிறோம். ஜவ்வு கிழிஞ்சிருச்சு, ஜவ்வு விலகிடுச்சு, ஜவ்வு தேய்ஞ்சிருச்சு. முட்டிக்குள் மூன்று வேறு சமாச்சாரங்கள் இருக்கின்றன. எலும்பையும் எலும்பையும் கட்டி வைக்கிற லிகமென்ட், கயிறு மாதிரி. இரண்டு எலும்புக்கும் நடுவில் பிறை வடிவத்தில் மெத்தையாக உட்கார்ந்திருக்கிற மெனிஸ்கஸ். எலும்பின் நுனியை வழவழவென்று மூடியிருக்கிற குருத்தெலும்பு. தேய்வது குருத்தெலும்பு. கிழிவது மற்ற இரண்டும். 'விலகுவது' என்று இதில் எதுவும் இல்லை. விலகியது என்றால் உருவித் தள்ளி வைத்துவிடலாம் என்ற நம்பிக்கை வந்துவிடுகிறது. கிழிந்த கயிற்றை வெளியிலிருந்து உருவி ஒட்ட வைக்க முடியாது. உருவிவிட்டவர் மேல் எனக்குக் கோபம் எதுவும் இல்லை. சாதாரண சுளுக்குக்கு அவர் கை இதமாகத்தான் இருக்கும். ஆனால் ரத்தம் கட்டிய முட்டியை முதல் இரண்டு மூன்று நாளில் சூடு எண்ணெய் போட்டு அழுத்தி உருவினால் கசிவு கூடும். அந்த நாட்களில் செய்ய வேண்டியது வேறு: ஆட்டத்தை அங்கேயே நிறுத்தி, காலை உயர்த்தி வைத்து, கிரேப் பேண்டேஜ் சுற்றி, துணியில் பொதிந்த ஐஸை 15, 20 நிமிடம் வலிக்காக வைத்து எடுப்பது. ஐஸ் வலியைக் குறைக்கும், காயத்தை ஆற்றாது. 'ஓய்வு, ஐஸ், கட்டு, உயர்த்து' என்ற சூத்திரத்தை 1978-இல் பிரபலமாக்கிய அமெரிக்க டாக்டர் கேப் மிர்கினே 2014-இல், ஐஸும் முழு ஓய்வும் ஆறுவதைத் தாமதப்படுத்தக்கூடும் என்று தன் கருத்தை மாற்றிக்கொண்டார்.

சரி, இந்த ஏசிஎல் என்ன செய்கிறது? நம் சுண்டுவிரலில் பாதி நீளம், மூன்று சென்டிமீட்டர் சொச்சம். தொடை எலும்பின் உட்குழியிலிருந்து கீழெலும்பின் முன்பக்கத்துக்குச் சாய்வாக ஓடுகிறது. கீழெலும்பு முன்னால் நழுவாமலும் உள்பக்கம் சுழலாமலும் பிடித்து வைப்பதுதான் இதன் வேலை. நேர்கோட்டில் நடக்க, சைக்கிள் மிதிக்க, ஏன், மெதுவாக ஓடவும் இது இல்லாமல் சமாளித்துவிடலாம். திடீரென்று நின்று, பாதத்தை ஊன்றி, உடம்பைத் திருப்பும் அந்த ஒரு நொடிக்குத்தான் இது வேண்டும். கபடியில் அந்த ஒரு நொடி இல்லாமல் ரெய்டே கிடையாது.

அன்று நடந்ததை மெதுவாக ஓட்டிப் பாருங்கள். ரெய்டர் போனஸ் கோட்டுக்குக் கால் நீட்டுகிறான். கார்னர் கணுக்காலைப் பிடித்துவிட்டார். அவன் உடம்பு நடுக்கோட்டைப் பார்த்துத் திரும்புகிறது, பாதம் மட்டும் அவர் கையில் பழைய திசையிலேயே நிற்கிறது. இடுப்பு ஒரு பக்கம், பாதம் ஒரு பக்கம். நடுவில் முட்டி. அந்த நேரம் பார்த்துக் கார்னருக்குப் பக்கத்தில் கவரில் நிற்கிற ஒருவர் வந்து பக்கவாட்டில் டாஷ் கொடுத்தால், அதாவது மோதித் தள்ளினால், முட்டி உள்பக்கமாக மடங்கும். அந்த மடக்கலும் முறுக்கலும் சேர்ந்ததுதான் 'டப்'. யாரும் தொடாமலேயும் இது நடக்கும். குதித்து ஒற்றைக் காலில் இறங்கும்போது முட்டி உள்ளே சரிந்தாலே போதும்.

எக்ஸ்ரேயில் எலும்பு மட்டும்தான் தெரியும். லிகமென்ட் தெரியாது. ஆகவே 'எக்ஸ்ரே நார்மல்' என்பது எலும்பு முறியவில்லை என்ற செய்தி, அவ்வளவுதான். கை வைத்துப் பார்க்கும் லாக்மன் சோதனை இதற்கு ரொம்ப உதவும். முட்டியை 20, 30 டிகிரி மடக்கி, ஒரு கையால் தொடையைப் பிடித்துக்கொண்டு மறு கையால் கீழ்க்காலை முன்னால் இழுப்போம். நல்ல முட்டி கொஞ்சம் வந்து 'டக்' என்று நிற்கும், கதவுத் தாழ்ப்பாள் மாட்டியது போல. கிழிந்த முட்டியில் அந்த 'டக்' இருக்காது, சேற்றில் கால் வைத்த மாதிரி போய்க்கொண்டே இருக்கும். அடிபட்ட அன்று வலியில் தசை இறுகி இந்தச் சோதனை ஏமாற்றிவிடும். உங்கள் தம்பிக்கு மூன்று வாரம் ஆகிவிட்டது, வீக்கம் இல்லை, இப்போது பார்த்தால் தெளிவாகத் தெரியும். வீட்டில் யாரும் இழுத்துப் பார்க்க வேண்டாம். முட்டி பார்த்துப் பழகிய எலும்பியல் மருத்துவரிடமோ விளையாட்டு மருத்துவரிடமோ காட்டுங்கள்.

எம்ஆர்ஐ எடுக்கத்தான் வேண்டும். ஏசிஎல் கிழிந்ததா என்பதைக் கையே சொல்லிவிடும். கூடவே மெனிஸ்கஸ் என்ன ஆனது என்று பார்க்கத்தான் எம்ஆர்ஐ. தனியார் சென்டரில் சில ஆயிரம் ரூபாய் ஆகும். மாவட்டத் தலைநகரிலுள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் அதைவிடக் குறைவாக முடியும். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் அங்கேயே காப்பீட்டு மேசையில் கேட்டுவிடுங்கள்.

இனி எல்லோரும் தடுக்கி விழுகிற இடத்துக்கு வருகிறேன். வலி போய்விட்டதே, பின்னே என்ன? முட்டி வலித்ததற்குப் பெரும்பங்கு காரணம் உள்ளே தேங்கிய ரத்தமும் அதன் அழுத்தமும். உடம்பு அதை இரண்டு மூன்று வாரத்தில் உறிஞ்சிக்கொள்கிறது. வலி போகிறது. கயிறு மட்டும் அறுந்தது அறுந்தபடிதான் இருக்கிறது. முட்டிக்கு வெளியே உள்ள லிகமென்ட் பலவும் தானாக ஆறிவிடும். ஏசிஎல் மூட்டுநீருக்குள் மிதப்பதால் கிழிந்த இரண்டு நுனியும் ஒன்று சேர்வது அரிது. அதனால்தான் படியில் நழுவுகிறது. ஒவ்வொரு நழுவலிலும் தொடை எலும்பு மெனிஸ்கஸ் மேல் ஏறி அரைக்கிறது. ஏசிஎல் போனதை மாற்றிக் கட்டலாம். நைந்துபோன மெனிஸ்கஸுக்கு அப்படி ஒரு மாற்று லேசில் கிடையாது. முப்பத்தைந்து வயதில் அறுபது வயது முட்டியோடு வருகிறவர்களைப் பார்க்கிறேன். கேட்டால் கதை ஒன்றுதான்: "அப்போ ரெண்டு மூணு வருஷம் நீ கேப் போட்டே ஆடினேன் சார்."

அந்த நீ கேப் பற்றி ஒரு வார்த்தை. அது துணி. முட்டிக்குக் கதகதப்புத் தரும், மனசுக்குத் தைரியம் தரும். ஒருவன் கணுக்காலைப் பிடிக்க இன்னொருவன் மேலே விழும்போது கீழெலும்பு சுழல்வதை அது நிறுத்தாது. அதைவிட மோசம், மேட்சுக்கு முன்னால் போடுகிற டைக்ளோஃபெனாக் ஊசி. வலி இல்லாத காலில் வலியை நிறுத்த ஊசி எதற்கு என்று யாரும் கேட்பதில்லை.

ஆபரேஷன் கட்டாயமா என்றால், எல்லோருக்கும் இல்லை. ஸ்வீடனில் 121 இளைஞர்களை வைத்து ஓர் ஆய்வு நடந்தது, 2010-இல் வெளியானது. பாதிப் பேருக்கு உடனே ஆபரேஷனும் பயிற்சியும், மீதிப் பேருக்கு முதலில் பயிற்சி மட்டும், தேவைப்பட்டால் பிறகு ஆபரேஷன். இரண்டு வருடம் கழித்துப் பார்த்தால் இரு தரப்பின் முட்டியும் ஏறத்தாழ ஒரே நிலையில்தான் இருந்தன. பயிற்சியில் தொடங்கியவர்களில் சுமார் நாற்பது சதவீதம் பேர் அதற்குள் ஆபரேஷனுக்குப் போயிருந்தார்கள், ஐந்து வருடத்தில் அது பாதியானது. ஆகவே கிழிந்தது என்றதும் ஓட வேண்டிய அவசரம் இல்லை. ஆனால் அந்த ஆய்வில் தொழில்முறை ஆட்டக்காரர்கள் யாரும் இல்லை. கடை வைத்திருக்கிறவர், வாத்தியார், ஞாயிற்றுக்கிழமை ஷட்டில் ஆடுகிறவர் என்றால் பயிற்சியிலேயே ஓட்டிவிடலாம் என்பேன். 19 வயது ரெய்டர், மறுபடி ரெய்டு போகத்தான் போகிறான், இப்போதே நழுவுகிறது என்றால் என் ஓட்டு ஆபரேஷனுக்குத்தான். முடிவு சொல்ல வேண்டியவர் முட்டியைத் தொட்டுப் பார்த்த சர்ஜன்.

ஆனால் அதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது, அதை இன்றே தொடங்கலாம். ஒரு இன்ச் டேப்பை எடுத்து இரண்டு தொடையையும் அளந்து பாருங்கள், முட்டிச் சில்லுக்கு மேலே ஒரு சாண் உயரத்தில். அடிபட்ட கால் இளைத்திருக்கும். மூன்று வாரத்தில் இரண்டு சென்டிமீட்டர் போயிருந்தாலும் எனக்கு ஆச்சரியம் இல்லை. முட்டி வீங்கியதும் மூளை தொடையின் முன்தசைக்குப் போகும் கட்டளையைக் குறைத்துவிடுகிறது. வீக்கம் வற்றினாலும் அந்தத் தசை தூக்கத்திலிருந்து எழுவதில்லை. காலை நீட்டி உட்காரச் சொல்லுங்கள், முட்டிக்கு அடியில் சுருட்டிய துண்டு. துண்டை நசுக்குவது போல முட்டியைக் கீழே அழுத்தி ஐந்து எண்ணி விட வேண்டும். சில்லு மேலே ஏறுவது கண்ணுக்குத் தெரிய வேண்டும். அடுத்து, குதிகாலுக்கு அடியில் துண்டை வைத்து முட்டி முழுசாக நீளும்படி பத்து நிமிடம். முட்டி முழுசாக நீளாமல், தொடை எழும்பாமல் ஆபரேஷனுக்குப் போனால் பின்னால் இரட்டிப்பு வேலை. சைக்கிள் நல்லது. சம்மணம் போட்டுத் திரும்பி எழுவது, கிக்கர் அடித்து வண்டி ஸ்டார்ட் பண்ணுவது, தண்ணீர்க் குடத்தோடு படி இறங்குவது, மூன்றும் இப்போதைக்கு வேண்டாம். கிக்கர் அடிக்கப் போய் முட்டி நழுவியவர்கள் என்னிடம் நிறைய.

ஆபரேஷன் என்பது பழைய லிகமென்டைத் தைப்பது அல்ல. தொடையின் பின்தசை நாரிலிருந்தோ முட்டிச் சில்லுக்குக் கீழுள்ள தசைநாரிலிருந்தோ ஒரு துண்டு எடுத்து, எலும்பில் துளை போட்டு, புதுக் கயிறாகக் கட்டுவார்கள். சிறு ஓட்டை வழியாகத்தான். தழும்பு சின்னது என்பதால் எல்லோரும் வேலையும் சின்னது என்று நினைத்துவிடுகிறார்கள். வைத்த துண்டு முதலில் உயிரில்லாத கயிறு. அதற்குள் ரத்தக்குழாய் முளைத்து, பழைய நார் கரைந்து, புது நார் படிய வேண்டும். அந்த மாற்றம் நடக்கும்போது ஒன்றரை மாதத்திலிருந்து மூன்று மாதம் வரை கயிறு வைத்த அன்று இருந்ததைவிட பலவீனமாக இருக்கும். வேடிக்கை என்னவென்றால், பையனுக்கு 'நல்லாயிருச்சு' என்று தோன்றுகிற சமயமும் அதேதான். வலி இல்லை, நடக்கிறான், ஓடலாம் போல இருக்கிறது. வீட்டில் கண் வைத்துப் பார்த்துக்கொள்ள வேண்டிய காலம் அதுதான்.

திரும்பி ஆடுவதற்கு ஒன்பது மாதம் என்று சொன்னால் எல்லோரும் முகம் சுளிப்பார்கள். ஆறு மாதம் என்று யாரோ ஒருவர் எங்கோ சொல்லியிருப்பார். நார்வேயில் 106 பேரைத் தொடர்ந்து பார்த்து 2016-இல் வெளியான ஆய்வை அவர்களிடம் சொல்வேன். ஒன்பது மாதம் வரை ஒவ்வொரு மாதம் தள்ளிப்போடும்போதும் முட்டி மறுபடி அடிபடும் வாய்ப்பு பாதியாகக் குறைந்தது. அதைவிட எனக்குப் பிடித்தது அடுத்த கணக்கு. தேர்வில் தேறாமல் ஆடப் போனவர்களில் 38 சதவீதம் பேருக்கு மறுபடி அடிபட்டது, தேறிப் போனவர்களில் 6 சதவீதத்துக்கும் குறைவு. என்ன தேர்வு? இரண்டு காலின் தொடை பலத்தையும் தனித்தனியாக அளந்து, அடிபட்ட கால் நல்ல காலின் 90 சதவீதமாவது இருக்க வேண்டும். ஒற்றைக் காலில் நீளத் தாண்டுதல், தொடர்ந்து மூன்று தாண்டு, கோட்டின் இருபுறமும் குறுக்காகத் தாண்டுதல், ஆறு மீட்டரை ஒற்றைக் காலில் எத்தனை நொடியில் கடக்கிறான், இவற்றிலும் அதே 90. காலண்டரைப் பார்த்து அனுப்பாதீர்கள், காலை அளந்து அனுப்புங்கள் என்று நான் கோச்களிடம் சண்டை போடுவது இதனால்தான்.

ஐந்தாம் மாதமே போன ஒரு பையன் நினைவுக்கு வருகிறான். தாண்டச் சொன்னேன். நல்ல காலில் ஒன்றேமுக்கால் மீட்டர், ஆபரேஷன் காலில் ஒரு மீட்டரைத் தாண்டவில்லை. இறங்கும்போது முட்டி உள்ளே சரிவது அவன் அப்பாவுக்கே தெரிந்தது. "ஒரே ஒரு மேட்ச் சார், ஃபைனல்." போனான். இந்தத் தடவை மெனிஸ்கஸும் சேர்ந்து போயிற்று.

அவன் கபடி முடிந்ததா என்ற கேள்விக்கு ஒளிவு மறைவில்லாமல் சொல்கிறேன். உலகம் முழுக்க ஏசிஎல் ஆபரேஷன் செய்துகொண்டவர்களைத் தொகுத்துப் பார்த்ததில், ஏதோ ஒரு விளையாட்டுக்குத் திரும்பியவர்கள் 81 சதவீதம், பழைய மட்டத்துக்குத் திரும்பியவர்கள் 65, போட்டி ஆட்டத்துக்குத் திரும்பியவர்கள் 55. இருபத்தைந்துக்கு உட்பட்டவர்கள் திரும்பி ஆடும்போது ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு அதே முட்டியிலோ மறு முட்டியிலோ மறுபடி கிழிகிறது. மறு முட்டியும் அதில் அடக்கம் என்பதைக் கவனியுங்கள். ஆகவே பயிற்சி இரண்டு காலுக்கும்தான். இன்னொரு பக்கம், தஞ்சாவூர்க்காரர் சேரலாதன் 2016-இல் அகமதாபாதில் உலகக் கோப்பை வென்ற இந்திய அணியில் இருந்தபோது நாற்பதைத் தாண்டியிருந்தார். 19 வயதுக்காரனுக்கு ஒரு வருடம் என்பது பெரிய இழப்பு இல்லை. அவனுக்கு அது இப்போது புரியாது, அண்ணனுக்குப் புரிந்தால் போதும்.

மற்ற பையன்களுக்கு வருவோம். நம் ஊர் டோர்னமென்ட்டுக்கு என்று ஒரு கேடு உண்டு. சாயங்காலம் ஆறு மணிக்கு வரச் சொல்வார்கள், முதல் மேட்ச் பத்து மணிக்கு, செமி ஃபைனல் ரெண்டு மணிக்கு, ஃபைனல் விடியற்காலை நாலரைக்கு. நடுவில் பையன்கள் பனியில் சேரில் சாய்ந்து தூங்குவார்கள். மைக்கில் டீம் பெயரைக் கூப்பிட்டதும் எழுந்து, ஜெர்சியை மாட்டி, தொடையில் ரெண்டு தட்டு தட்டிக் கோர்ட்டுக்குள் இறங்கிவிடுவார்கள். குளிர்ந்த தசை, தூக்கம் கெட்ட மூளை. நான் கமிட்டிக்காரர்களிடம் கேட்பது ஒன்றே ஒன்று: அடுத்த மேட்ச் எது என்று இருபது நிமிடத்துக்கு முன்னால் மைக்கில் சொல்லுங்கள். அந்த இருபது நிமிடம் இருந்தால் போதும்.

அந்த நேரத்தில் என்ன செய்வது? கால்பந்துக்காக ஃபிஃபா தயாரித்த '11 பிளஸ்' என்ற வார்ம் அப்பைக் கபடிக்கும் அப்படியே எடுத்துக்கொள்ளலாம். நார்வேயில் 1,892 சிறுமிகளை வைத்துப் பார்த்தபோது மொத்தக் காயம் மூன்றில் ஒரு பங்கும், பெரிய காயம் பாதியளவும் குறைந்தது. அதில் மந்திரம் ஒன்றுமில்லை. திசை மாற்றி ஓட்டம், ஒற்றைக் காலில் நின்று ஜோடியைத் தள்ளுதல், குந்தி எழுதல், குதித்து இறங்குதல். கோச் பார்க்க வேண்டியது ஒன்றுதான்: இறங்கும்போது முட்டி கட்டைவிரலுக்கு உள்ளே சரிகிறதா, பாதத்துக்கு நேராக நிற்கிறதா. போனில் எடுத்து பையனிடமே காட்டுங்கள், இரண்டு வாரத்தில் திருந்திவிடும். கூட ஒரு பயிற்சி: மண்டியிட்டு நிற்கிறவன் கணுக்காலை இன்னொருவன் பிடித்துக்கொள்ள, உடம்பை வளைக்காமல் மெல்ல மெல்ல முன்னால் சாய வேண்டும். நார்டிக் என்பார்கள். பின்தொடை பிடித்துக்கொள்வதைப் பாதியாகக் குறைக்கிற சரக்கு இது, செலவு ஒரு பைசா இல்லை. முதல் வாரம் தொடை கடுக்கும், அதற்குப் பயந்து விட்டுவிடக்கூடாது.

மண்ணில் ஆடிப் பழகியவன் மேட் (mat) விரித்த களத்துக்குப் போகும்போதும் கவனம் வேண்டும். தண்ணீர் தெளித்த செம்மண்ணில் வெறுங்கால் கொஞ்சம் வழுக்கும், அந்த வழுக்கல்தான் முட்டியைக் காப்பாற்றுகிறது. மேட்டில் ஷூ அப்படியே பிடித்துக்கொள்ளும், பாதம் நிற்கும், உடம்பு திரும்பிவிடும். மேட் மேட்சுக்கு முன்னால் இரண்டு வாரமாவது மேட்டில் ஷூ போட்டுப் பழகட்டும்.

கடைசியாக அந்த 65 கிலோ. தம்பி இப்போது என்ன எடை? கேள்வியில் அது இல்லை, ஆனால் ஊகிக்க முடிகிறது. எடை போடும் நாளுக்கு இரண்டு நாள் முன்னாலிருந்து சோறு இல்லை, தண்ணீர் இல்லை, ஸ்வெட்டர் மேல் ஸ்வெட்டர் போட்டு வெயிலில் ஓட்டம், வாயில் எச்சில் துப்பிக்கொண்டே ஒரு பையன் உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். 1997-இல் அமெரிக்காவில் மூன்று கல்லூரி மல்யுத்த வீரர்கள் இதே வேலையைச் செய்து, ரப்பர் சூட் போட்டுச் சூடான அறையில் வியர்வை எடுத்து, ஐந்து வாரத்துக்குள் அடுத்தடுத்து இறந்தார்கள். அதற்குப் பிறகுதான் அங்கே ரப்பர் சூட்டையும் நீராவி அறையையும் தடை செய்தார்கள். இங்கே சிலர் ஒரு படி மேலே போய் சிறுநீர் பிரிக்கும் மாத்திரை கொடுக்கிறார்கள். அது உலக ஊக்கமருந்துத் தடைப் பட்டியலில் எப்போதும் இருக்கிறது. வற்றிய உடம்பில் டைக்ளோஃபெனாக் ஊசியும் சேர்ந்தால் கிட்னி தாங்காது. மருந்துக் கடை சமாச்சாரம் என்று அலட்சியம் வேண்டாம். இருமல் மருந்தில் இருந்த டெர்பியூட்டலின் என்ற தடைசெய்யப்பட்ட மருந்துக்காக கிரிக்கெட் வீரர் பிரித்வி ஷா 2019-இல் எட்டு மாதம் தடை வாங்கினார்.

ஆட்டத்தின் நடுவே, அடிபடாமலேயே ஒருவன் சுருண்டு விழுந்தால் அது மயக்கம் என்று முகத்தில் தண்ணீர் தெளித்துக்கொண்டு நிற்காதீர்கள். மூச்சு இல்லையென்றால் ஒருவர் 108-ஐக் கூப்பிட, இன்னொருவர் உடனே நெஞ்சை அழுத்தத் தொடங்க வேண்டும். 2021 ஜூன் 12 அன்று கோபன்ஹேகனில் டென்மார்க் கால்பந்து வீரர் கிறிஸ்டியன் எரிக்சன் விழுந்து பிழைத்தது களத்திலேயே நெஞ்சை அழுத்தி, ஷாக் கருவி வைத்ததால்தான். டீமில் யாராவது ஓடும்போது மயங்கி விழுந்திருந்தாலோ, வீட்டில் சின்ன வயதில் யாராவது திடீரென்று இறந்திருந்தாலோ அவனுக்கு ஒரு ஈசிஜியும் எக்கோவும் எடுத்துவிடுங்கள். தலையில் முட்டி பட்டுத் தடுமாறியவனை அன்று மறுபடி இறக்காதீர்கள், எவ்வளவு கெஞ்சினாலும்.

எம்ஆர்ஐ ரிப்போர்ட் கைக்கு வந்ததும் ஏசிஎல் வரியைத் தேடாதீர்கள், அது எதிர்பார்த்ததுதான். மெனிஸ்கஸ் என்று எழுதியிருக்கும் வரியை முதலில் படியுங்கள். அங்கே 'பக்கெட் ஹேண்டில்' (வாளிப் பிடி போல மெனிஸ்கஸ் கிழிந்து புரண்டிருப்பது) என்று இருந்தாலோ, அதற்கு முன்பே ஒரு நாள் முட்டி முழுசாக நீட்ட முடியாமல் பூட்டிக்கொண்டாலோ, மேலே சொன்ன நிதானம் எல்லாம் செல்லாது. அந்த வாரமே சர்ஜனிடம் காட்டுங்கள். கிழிந்த மெனிஸ்கஸைத் தைத்துக் காப்பாற்றுவதற்கு அப்போது நல்ல வாய்ப்பு உண்டு, ரொம்ப நாள் விட்டால் வெட்டி எடுப்பதுதான் மிச்சம். தைத்தால் சில மாதம் குந்தி உட்காரக்கூடாது. வீட்டில் வெஸ்டர்ன் டாய்லெட் இல்லையென்றால் பிளாஸ்டிக் கமோடு சேர் ஒன்று முன்கூட்டியே வாங்கி வைத்துவிடுங்கள்.